அத்தியாயம் 6: லீடு எத்தனை, ஆள் எத்தனை

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கோவையில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் போட்டுத் தரும் ஒரு சிறு நிறுவனத்தில், டெலிகாலர் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திறந்து வைத்திருந்த எக்செல் தாளில் வியாழக்கிழமை இரவு வந்த லீடுகள், அதாவது விளம்பரம் பார்த்து விசாரித்தவர்களின் பெயர்கள், இன்னும் அழைக்கப்படாமல் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து அழைத்தார். எதிர்முனையில் ஒரு அம்மா. கோபமில்லாமல்தான் பேசினார்: "நேத்தே வேற ஒருத்தரு வந்து மாடியெல்லாம் அளந்துட்டுப் போயிட்டாருங்க கண்ணு. அட்வான்சும் குடுத்தாச்சு."

டெலிகாலர் அந்தப் பெயருக்கு நேரே 'விருப்பமில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு குறிப்பைப் பற்றியதுதான். அந்த அம்மாவுக்கு விருப்பம் இருந்தது, பணமும் இருந்தது. இரண்டு நாளில் வேறு ஒருவரிடம் வாங்கியும் விட்டார். ஆனால் தாளில் அவர் 'விருப்பமில்லை' ஆகிவிட்டார். மாதக் கடைசியில் முதலாளி தாளைப் பார்ப்பார். இந்த மாதம் வந்த லீடெல்லாம் தரமில்லை என்று முடிவு செய்வார். விளம்பரம் போடுகிறவரை மாற்றுவார். ஆள் போதவில்லை என்ற உண்மை அந்தத் தாளில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. ஆகவே வேறு எதையும் தொடங்கும் முன், உங்கள் தாளில் இரண்டு பத்திகளைச் சேருங்கள்: லீடு வந்த நேரம், முதல் அழைப்பு போன நேரம். 'தாமதமாகப் போனோம்' என்று குறிக்க ஒரு தனி வகையும் வையுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் ஆள் கணக்குப் போடுவது தராசு இல்லாமல் எடை சொல்வதற்குச் சமம்.

தாமதம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு 2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. அமெரிக்காவில் 2,241 நிறுவனங்களுக்கு இணையம் வழியே விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் தந்தவை 37 சதவீதம். கடைசிவரை பதிலே தராதவை 23 சதவீதம். அதே கட்டுரை சொல்லும் இன்னோர் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்ட நிறுவனங்களுக்கு, முடிவெடுக்கும் ஆளிடம் உருப்படியாகப் பேசும் வாய்ப்பு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. நம் ஊரில் அந்த மடங்கு கூடலாம், குறையலாம். திசை மாறாது. கைபேசியில் படிவத்தை நிரப்புகிறவர் ஒரே ஒரு நிறுவனத்தின் படிவத்தை மட்டும் நிரப்புவதில்லை.

மணிநேரத்தை எண்ணுங்கள்

"நாளுக்கு எத்தனை லீடு வருது?" என்று கேட்டால் எல்லா முதலாளிகளும் பதில் சொல்வார்கள். "ஒரு லீடுக்கு எத்தனை மணி நேரம் செலவாகுது?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். "ஒரு ஆள் நாளைக்கு நாப்பது கால் பேசலாம். வர்றதோ பத்து லீடு. ரெண்டு பேர் இருந்தா தாராளம்." இந்தக் கணக்கை எத்தனையோ அலுவலகங்களில் கேட்டுவிட்டேன். இதில் லீடு என்பது ஒரு தொலைபேசி அழைப்பு. நடப்பில் அது ஒரு வேலைச் சங்கிலி. அழைப்பு அதன் முதல் கண்ணி மட்டுமே.

சோலார் தொழிலையே எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை எடுத்துக்காட்டுக்கு நான் வைத்த எண்கள். உங்களுடையதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். 100 லீடு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காத அழைப்பு, திரும்ப அழைப்பது, வாட்ஸ்அப்பில் செய்தி போடுவது, தாளில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். 65 பேர் எப்போதாவது ஒருமுறை எடுக்கிறார்கள். அவர்களோடு 12 நிமிடம் பேச்சு. வாடகை வீட்டுக்காரர், அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடி உரிமை இல்லாதவர், அரசு முழுவதும் இலவசமாகத் தருகிறது என்று நினைத்தவர் எல்லாம் இங்கேயே கழிந்துபோவார்கள். இதுவரை சுமார் 30 மணி நேரம்.

மிஞ்சியவர்களில் 30 பேர் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்கிறார்கள். இதைத்தான் சர்வே என்கிறோம். தண்ணீர்த் தொட்டி நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டுத் தென்னை எவ்வளவு உயரம், 3 கிலோவாட்டுக்குத் தேவையான சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் இருக்கிறதா, இபி கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கீழே இறங்கி, வீட்டில் இருக்கும் எல்லோருடைய சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். போக்குவரத்தோடு சேர்த்து ஒரு சர்வேக்கு இரண்டரை மணி நேரம். ஆக 75 மணி நேரம். கொட்டேஷன் தயாரிக்க ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் என்றால் 20 மணி நேரம். ஆளுக்கு ஐந்து ஃபாலோ-அப், ஒவ்வொன்றும் 10 நிமிடம்: 25 மணி நேரம். கடைசியில் 8 பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மானிய விண்ணப்பம், வங்கிக் கடன், ஆவணம் என்று ஆளுக்கு 3 மணி நேரம்: 24 மணி நேரம்.

மொத்தம் 174 மணி நேரம். அதில் முதல் அழைப்புக் கட்டம் 30 மட்டும். அந்த 30-க்கு மட்டும் ஆள் வைத்துவிட்டு மீதி 144-ஐ யார் தலையிலாவது கட்டும்போதுதான் சர்வே தேதி ஒரு வாரம் தள்ளிப்போகிறது, கொட்டேஷன் மூன்றாம் நாள் போகிறது, ஃபாலோ-அப் நடக்கவே இல்லை.

அடுத்து, ஓர் ஆளிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? எட்டு மணி நேர வேலையில் சாப்பாடு, தேநீர், காலைக் கூட்டம், வண்டி பஞ்சர் எல்லாம் போக ஆறு மணி நேரம் கிடைத்தால் நல்லது. மாதம் 24 வேலை நாளில் இரண்டு நாள் விடுப்பு போனால் 22. அதாவது 132 மணி நேரம். அதில் 80 சதவீதத்தைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். சுமார் 105 மணி நேரம். ஏன் மிச்சத்தை விடுகிறேன் என்பதற்கு அடுத்த பகுதியில் காரணம் சொல்கிறேன்.

மாதம் 300 லீடு வந்தால் 522 மணி நேர வேலை. 105-ஆல் வகுத்தால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் ஒரே வேலைக்கு அல்ல: அழைப்புக்கு ஒருவர், சர்வேக்கு இருவர், கொட்டேஷன் முதல் ஆர்டர் முடிப்பது வரை இருவர். 600 லீடு என்றால் பத்து பேர். "ரெண்டு பேர் தாராளம்" என்று சொன்னவர் பெரும்பாலும் நான்கு பேரை வைத்துக்கொண்டு, அவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர்கள் அப்படி இல்லை. உழைத்துக் களைத்துப்போனவர்களின் மேல் இப்படி ஒரு பழி விழுவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

மிச்சம் வைக்கும் 20 சதவீதம்

டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் என்ற கணித அறிஞர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்பு வைத்தால் மக்கள் காத்திருக்க வேண்டியிராது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1909-இல் முதல் கட்டுரையை வெளியிட்டார். இன்று கால் சென்டர்கள் ஆள் கணக்குப் போடுவது அவர் போட்ட பாதையில்தான். காத்திருப்பு வரிசையைக் கணக்கிடும் அந்தத் துறையின் மிக எளிய சூத்திரத்தை மட்டும் இங்கே பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு ஆள், தற்செயலாக வரும் அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சராசரி 10 நிமிட வேலை.

அந்த ஆள் பாதி நேரம் வேலையில் இருந்தால், வரும் லீடு சராசரியாக 10 நிமிடம் காத்திருக்கும். 80 சதவீதம் வேலையில் இருந்தால் 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதம் என்றால் 190 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். 90-இலிருந்து 95-க்குப் போவதில் நமக்குக் கிடைப்பது ஐந்து சதவீத உழைப்பு. போவது, சூடாக வந்த வாடிக்கையாளரின் இன்னொரு நூறு நிமிடம். சும்மா இருப்பதுபோலத் தெரியும் ஒரு டெலிகாலரைப் பார்த்ததும் "இவங்களுக்கு வேற வேலை குடுங்க" என்று சொல்லத் தோன்றும் முதலாளிகள் இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆட்கள் கூடும்போது இந்த நெருக்கடி தணியும். ஒரே வரிசையை ஐந்து பேர் பகிர்ந்தால், ஒருவர் பிடிபட்டிருக்கும்போது இன்னொருவர் எடுப்பார். ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்கும் சிறு அணியில் இது உயிர்ப் பிரச்சினை. அங்கே 80-ஐக்கூட அதிகம் என்பேன்.

எப்போது வருகிறது

மாதத்துக்கு 300 என்றால் நாளுக்குப் பத்து என்று வகுத்துவிடக் கூடாது. உங்கள் தாளில் வந்த நேரத்தை வைத்து மணிவாரியாக, கிழமைவாரியாக எண்ணிப் பாருங்கள். நான் பார்த்த தாள்களில் பெரும் பங்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மக்கள் கைபேசியோடு உட்காரும் நேரத்தில் வந்தது. அலுவலகமோ ஆறரை மணிக்குப் பூட்டப்பட்டிருக்கும். இரவு 8 மணிக்கு வந்தவரை மறுநாள் காலை பத்துக்கு அழைத்தால் பதினான்கு மணி நேரம் போய்விட்டது. ஆள் சேர்க்காமலே இதைச் சரிசெய்யலாம். ஒரு டெலிகாலரின் நேரத்தை மதியம் ஒன்று முதல் இரவு ஒன்பது வரை மாற்றுங்கள். வீட்டிலிருந்தே பேச விட்டால் பெண்களுக்கு இரவுப் பயணத் தொல்லை இல்லை. கம்பெனி சிம்மும் ஒரு ஹெட்செட்டும் போதும். ஒன்பதுக்கு மேல் யாரையும் அழைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, காலையில் எத்தனை மணிக்கு அழைக்கலாம் என்று கேட்டால் போதும்.

கிழமையிலும் இப்படித்தான். சர்வேக்கு வீட்டுக்காரர்கள் கேட்பது ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், முடிவும் சேர்ந்தே எடுப்பார்கள். உங்கள் சர்வே ஆட்களுக்கு வார விடுமுறையும் ஞாயிறுதான் என்றால், வாரத்தின் சிறந்த நாளைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். இருவரில் ஒருவருக்குச் செவ்வாய், மற்றவருக்குப் புதன் என்று விடுமுறை கொடுத்து, மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒவ்வொருவரும் குடும்பத்தோடு இருக்கும்படி முறை வையுங்கள். அதை நேர்மையாகக் கடைப்பிடித்தால் யாரும் முணுமுணுப்பதில்லை.

பருவத்தை ஒவ்வொரு தொழிலும் தனக்கென்று வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மார்ச் தொடங்கி ஏசி ஓட ஆரம்பித்தபின் வரும் பில்லைப் பார்த்த அன்றுதான் பலருக்கும் சோலார் ஞாபகம் வரும். ஆகவே கோடை முழுக்க விசாரிப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழையில் இறங்கும். இதற்கு மேல், எதிர்பாராத வெள்ளமும் உண்டு. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தபோது 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்ற செய்தி வீட்டுக்கு வீடு போனது. அந்தச் செய்தியைக் கேட்டு அழைத்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்த நிறுவனங்கள் வளர்ந்தன.

பின்னால் வரும் சுமை

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அணிகள் உடைவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், நாளுக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதை, ஒருவர் எத்தனை நாள் உள்ளே இருக்கிறார் என்பதால் பெருக்கிய எண். கல்யாண மண்டபப் பந்திக்கும் இது பொருந்தும், உங்கள் கொட்டேஷன் கோப்புக்கும் பொருந்தும். மாதம் 300 லீடில் 90 பேர் சர்வேக்கு வருகிறார்கள், நாளுக்கு மூன்று. வேண்டும் அல்லது வேண்டாம் என்று முடிவு சொல்ல அவர்கள் சராசரியாக 40 நாள் எடுத்தால், எப்போது பார்த்தாலும் 120 கோப்பு உயிரோடு இருக்கும். இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 60. ஒவ்வொருவரின் பெயரும், அவர் வீட்டில் யார் தயங்குகிறார் என்பதும் மனதில் நிற்கும் அளவு அதுதான். அதற்கு மேல் போனால் கோப்பு வெறும் வரிசை எண்ணாகிவிடும்.

ஏப்ரலில் லீடு இரட்டிப்பாகிறது. டெலிகாலருக்கு அன்றே தெரியும். சர்வே ஆளுக்கு மறுவாரம் தெரியும். ஆனால் கோப்புகள் 120-இலிருந்து 240-ஐ நோக்கி ஏறி உச்சத்தைத் தொட மே மாதம் நடுப்பகுதி ஆகிவிடும். ஜூன் தொடங்கும்போது விளம்பரம் தணிந்து, அழைப்பு குறைந்து, டெலிகாலர் மேசை அமைதியாக இருக்கும். முதலாளி அந்த அமைதியைப் பார்த்து, கோடைக்காகச் சேர்த்த இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில்தான் கோப்புகள் நிரம்பி வழிகின்றன; மாமனாரிடம் கேட்டுச் சொல்கிறேன், வங்கியில் கடன் ஓகே ஆகட்டும் என்று சொன்னவர்கள் எல்லாம் முடிவுக்கு வரும் நேரம் அது. விளம்பரத்துக்கு ஏப்ரலில் கொட்டிய பணத்தின் விளைச்சல் ஜூனில் களத்தில் நிற்கிறது, அறுக்க ஆளில்லை.

ஆகவே ஆளைக் குறைப்பதை லீடு எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயிரோடு இருக்கும் கோப்பு எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். வாரந்தோறும் திங்கள் காலையில் அந்த எண்ணை மட்டும் தனியாக எழுதுங்கள். அழைப்பு குறைந்த டெலிகாலரை ஃபாலோ-அப் பக்கம் மாற்றலாம். அவர் முதலில் பேசிய குரல் என்பதால் வாடிக்கையாளருக்கும் அது பழகிய குரல்.

குழாய் உங்கள் கையில்

ஆளைச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். விளம்பரச் செலவைக் குறைக்க ஒரு நிமிடம் போதும். இந்த இரண்டாவது வசதியைப் பலரும் தோல்வியாக நினைக்கிறார்கள். சர்வே தேதி நான்கு நாளுக்கு மேல் தள்ளிப்போனால் அன்றே தினசரி விளம்பரத் தொகையைக் குறையுங்கள். அழைக்க ஆளில்லாத லீடுக்குப் பணம் கட்டுவது, நம் காசில் போட்டியாளருக்கு வாடிக்கையாளரைத் தேடிக் கொடுப்பது.

படிவத்தில் இரண்டு கேள்வியைச் சேர்ப்பதும் உதவும்: சொந்த வீடா, இரண்டு மாத பில் எவ்வளவு. லீடு எண்ணிக்கை குறையும், ஒரு லீடின் விலை கூடும். ஆனால் டெலிகாலரின் நேரம் மாடியில்லாதவர்களிடம் போகாது. ஆள் நெருக்கடி இருக்கும் மாதத்தில் இந்தக் கேள்விகளைப் போடுங்கள். ஆள் ஓய்வாக இருக்கும் மாதத்தில் எடுத்துவிடுங்கள்.

ஆள் அதிகமானாலும் கேடுதான்

லீடு குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருந்தால் சம்பளம் மட்டும்தான் வீண் என்று நினைக்கிறோம். ஆனால் விற்பனை ஆளின் வருமானத்தில் இன்சென்டிவ் பெரிய பங்கு. பத்து பேருக்குரிய லீடைப் பதினைந்து பேருக்குப் பிரித்தால் எல்லோருடைய இன்சென்டிவும் சுருங்கும். வீட்டுக் கடன் கட்டுகிறவர் அதைத் தாங்க மாட்டார். வேறு இடத்தில் வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிதான் முதலில் கிளம்புவார். மிஞ்சுகிறவர்களிடையே "அது என் லீடு" என்ற சண்டை தொடங்கும். வாடிக்கையாளருக்கு ஒரே நாளில் ஒரே நிறுவனத்திலிருந்து மூன்று பேர் அழைப்பார்கள்.

பங்கிடும்போது வரிசைப்படி ஆளுக்கொன்று என்று கொடுப்பது நியாயம்போலத் தெரியும். கையில் 70 கோப்பு வைத்திருப்பவருக்கும் 30 வைத்திருப்பவருக்கும் ஒரேபோல் கொடுப்பதில் நியாயம் இல்லை. அடுத்த லீடு, கையில் குறைவாக வைத்திருப்பவருக்குப் போகட்டும். ஆனால் கோப்பை அவசரமாக மூடிவிட்டுப் புது லீடு வாங்குகிறவர் ஒருவர் இருப்பார். மூடிய கோப்புகளில் வாரத்துக்கு ஐந்தை எடுத்து நீங்களே அழைத்துப் பேசுங்கள். உண்மையிலேயே விருப்பமில்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும்.

சேர்க்கும் நாளும் பிரியும் நாளும்

ஏப்ரலில் வேலை செய்ய வேண்டிய ஆளை எப்போது தேட வேண்டும்? ஆள் கிடைக்க ஒரு மாதம். வந்தவருக்கு இன்வெர்ட்டர் என்றால் என்ன, நெட் மீட்டர் என்றால் என்ன, மானியம் எந்தக் கணக்குக்கு வரும் என்று சொல்லிக் கொடுத்து, பழைய ஆளோடு பதினைந்து சர்வே போய்வர ஒன்றரை மாதம். அந்தக் காலத்தில் அவர் அரை ஆள்கூட இல்லை. சொல்லித் தருகிறவரின் நேரத்தையும் எடுத்துக்கொள்வார். ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் தேடத் தொடங்குங்கள். மார்ச்சில் நெருக்கடி தெரிந்தபின் சேர்த்த ஆள், கோடை முடியும் நேரத்தில்தான் தேர்ச்சி பெறுவார்.

பிரியும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். ஒருவர் விலகும்போது அவரிடம் 60 உயிருள்ள கோப்பு இருக்கிறது. எண்கள் அவருடைய சொந்தக் கைபேசியில் இருந்தால் அந்த 60-ம் அவரோடு போகும். எனவே முதல் நாளிலிருந்தே கம்பெனி சிம். விலகும் கடைசி வாரத்தில் புது லீடு எதுவும் அவருக்குக் கொடுக்காதீர்கள். நாளுக்குப் பத்துக் கோப்பாக, புது ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரே வாடிக்கையாளரை அழைக்கட்டும்: "சார், நான் இந்த வாரத்தோட கிளம்பறேனுங்க. இனி உங்க வேலையைப் பார்க்கப்போற தம்பி என் பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கறேன் பேசுங்க." ஆறு வேலை நாளில் முடிந்துவிடும். பாக்கி இன்சென்டிவை அந்த ஆறாம் நாளிலேயே கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.